கப்பலில் மறைந்துவரும் சாப்பாட்டு மரபுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறை க்ரூஸ் போகிறவர்களும், பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி கப்பல் ஏறுகிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: எது இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது, ஏன் போனது, கேட்டால் கிடைக்குமா. திரும்பத் திரும்ப வந்த அந்தக் கேள்விகளை எளியதில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறோம்.

க்ரூஸ் கப்பல்ல "பழைய முறை டின்னர்"னு சொல்றாங்களே, அது என்ன?

இரவுச் சாப்பாடு இரண்டு பந்தியாக நடக்கும். முதல் பந்தி மாலை 6 மணி வாக்கில், இரண்டாம் பந்தி 8.15 அல்லது 8.30க்கு. கப்பல் ஏறும்போதே உங்கள் பந்தியும் மேஜை எண்ணும் முடிவாகியிருக்கும். இறங்கும் நாள் வரை அதே மேஜை, பக்கத்தில் அதே ஆட்கள், பரிமாறுவது அதே வெயிட்டரும் அதே உதவி வெயிட்டரும். மேஜைகள் 2, 4, 6, 8, 10 பேருக்கு என்று இருக்கும். ஒரு வெயிட்டரும் உதவியாளரும் சேர்ந்து ஒரு பந்திக்கு ஏறக்குறைய 20 முதல் 24 பேரைக் கவனிப்பார்கள். அவர்களுக்கு மேலே ஹெட் வெயிட்டர். மொத்தக் கூடத்துக்கும் பொறுப்பு மேட்ர டி.

இதன் அருமை மூன்றாம் நாள்தான் புரியும். உங்களுக்கு ஐஸ் போடாத தண்ணீர், குழந்தையின் தட்டு எல்லோருக்கும் முன்னால், சாப்பாட்டுக்குப் பிறகு பால் சேர்க்காத காபி எல்லாம் சொல்லாமலே வந்து சேரும். இருபது பேரின் பழக்கத்தை ஒருவர் நினைவில் வைக்கலாம். தினம் வேறு வேறு முகங்கள் வந்தால் முடியாது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

நல்லா நடந்துட்டிருந்த முறையை ஏன் மாத்தினாங்க?

பெரிய திருப்பம் 2000ஆம் ஆண்டு நார்வீஜியன் க்ரூஸ் லைன் கொண்டுவந்த "ஃப்ரீஸ்டைல்" முறை. விரும்பிய நேரத்துக்கு வரலாம், காலியாக இருக்கும் மேஜையில் உட்காரலாம், கோட்டு டை வேண்டாம். அடுத்த பத்தாண்டுக்குள் மற்ற பெரிய நிறுவனங்களும் நிலையான பந்தியோடு "எப்போது வேண்டுமானாலும்" என்ற இன்னொரு தேர்வையும் வைத்தன.

மாற்றத்துக்குக் காரணம் வெறும் நாகரிகம் இல்லை. கரையிலிருந்து மாலை 6.30க்குத் திரும்பி வருகிறவருக்கு 6 மணிப் பந்தி உதவாது. கப்பல்கள் பெரிதாகி, ஒரே கூடத்தில் எல்லோரையும் இரண்டு முறையில் உட்காரவைப்பது கடினமாயிற்று. கூடுதல் கட்டண உணவகங்கள் பெருகியதும், வாரத்தில் இரண்டு மூன்று இரவு மேஜைகள் காலியாகக் கிடந்தன. 2014 இறுதியில் ராயல் கரீபியன் தன் புதிய குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் பெரிய உணவுக்கூடத்தையே எடுத்துவிட்டு, அதற்குப் பதில் சிறு உணவகங்களை வைத்துப் பார்த்தது. தினமும் முன்பதிவு செய்ய வேண்டியிருந்ததும் வரிசையில் நிற்க வேண்டியிருந்ததும் பயணிகளுக்குப் பிடிக்கவில்லை. அந்த முறையைப் பிறகு கைவிட்டார்கள். பழைய முறையை விரும்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இப்ப புக் பண்ணா நிலையான மேஜை கிடைக்குமா? எப்படிக் கேக்கணும்?

கிடைக்கும். கேட்காமல் கிடைக்காது. கூனார்ட், ஹாலண்ட் அமெரிக்கா, ராயல் கரீபியன், கார்னிவல், எம்எஸ்சி போன்றவற்றில் நிலையான நேரம் என்ற தேர்வு உண்டு. நார்வீஜியனில் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே "முதல் பந்தி" அல்லது "இரண்டாம் பந்தி" என்று குறிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் மேஜை வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். "டைனிங்" என்ற வரியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று உறுதிச் சீட்டில் பாருங்கள். பலருக்கு இங்கேதான் தவறுகிறது: விற்பவர் பழக்கத்தில் நெகிழ்வு நேரத்தை (அதாவது "எப்போது வேண்டுமானாலும்" தேர்வை) போட்டுவிடுவார், கப்பலில் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

காத்திருப்போர் பட்டியலில் இருந்தால், கப்பல் ஏறிய அன்று மதியமே மேட்ர டியைப் போய்ப் பாருங்கள். மேஜை மாற்றம் கேட்பவர்களுக்காகவே அன்று சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார். அறையைப் பார்ப்பதும் நீச்சல் குளத்துக்குப் போவதும் அப்புறம் ஆகட்டும்.

எதுவும் நடக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. நெகிழ்வு நேரத்திலேயே முதல் இரவு பிடித்த வெயிட்டரின் பெயரையும் மேஜை எண்ணையும் குறித்துக்கொண்டு, மீதி நாட்களுக்கும் அதே நேரம், அதே பகுதி என்று முன்பதிவு கேளுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள், குறிப்பாக 6 மணிக்கு முன்னால் அல்லது 8 மணிக்குப் பின்னால் என்றால்.

முதல் பந்தி நல்லதா, ரெண்டாவது நல்லதா?

முதல் பந்தியில் அவசரம் இருக்கும். மேஜைகளைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு, கரண்டி கண்ணாடி எல்லாம் மறுபடி அடுக்கி இரண்டாம் பந்திக்குத் தயாராக்க வேண்டும் என்பதால் 8 மணிக்குள் எழுந்துவிடும்படி பரிமாறுவார்கள். குழந்தைகளோ மாத்திரை நேரம் தவறக்கூடாத பெரியவர்களோ இருந்தால் இதுவே சரி. துறைமுகத்தில் நெடுநேரம் நிற்கும் பயணத்துக்கு இரண்டாம் பந்திதான் வசதி. பின்னால் யாரும் காத்திருப்பதில்லை என்பதால் பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

முன்பின் தெரியாதவங்களோட தினமும் உட்காரணுமா? பிடிக்கலைன்னா என்ன பண்றது?

கட்டாயம் இல்லை. இரண்டு பேர் மேஜை கேட்கலாம், ஆனால் அவை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பகிர்ந்து உட்காரத் தயார் என்றால் நாலு பேர் மேஜையைவிட ஆறு அல்லது எட்டு பேர் மேஜை பாதுகாப்பானது. நாலு பேரில் எதிரே இருக்கும் ஜோடியோடு ஒத்துவராவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. எட்டு பேரில் பேசுவதற்கு யாராவது ஒருவர் அகப்படுவார்.

மாற்ற வேண்டுமானால் இரண்டாம் நாள் காலைக்குள் சொல்லுங்கள். வெயிட்டரிடம் சொல்லாதீர்கள், மேட்ர டியிடம் தனியாகச் சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டார்கள். இன்னொரு மரியாதையும் உண்டு: ஓர் இரவு வேறு எங்காவது சாப்பிடப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே மேஜையில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மற்றவர்கள் உங்களுக்காக ஆர்டர் கொடுக்காமல் காத்திருப்பார்கள், சமையலறையில் மொத்த மேஜையின் சாப்பாடும் தள்ளிப்போகும்.

கேப்டன் மேஜைக்கு யாரைக் கூப்பிடுவாங்க? காசு கொடுத்தா கிடைக்குமா?

கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிடும் இந்த இடம் காசுக்குக் கிடைக்காது, அதுதான் அதன் பெருமை. பல முறை அதே நிறுவனத்தில் பயணம் செய்தவர்கள், சூட் எனும் பெரிய உயர்வகை அறைகளில் தங்குகிறவர்கள், திருமணப் பொன்விழா கொண்டாடுகிறவர்கள், கேப்டனின் தாய்மொழி பேசுகிறவர்கள் என்று ஒரு பட்டியல் தயாராகும். அதிலிருந்து எட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து அறைக்கு அழைப்பு அட்டை அனுப்புவார்கள். வருகிறோமா இல்லையா என்று உடனே பதில் சொல்ல வேண்டும். சரியான நேரத்துக்குப் போக வேண்டும். முழு முறை உடை (கோட்டு, டை போன்ற விருந்து உடை) அணிய வேண்டும். ஒயின் வழக்கமாகக் கப்பல் செலவு. ஏதாவது விழா நாள் இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே குறிக்கச் சொல்வது வாய்ப்பைக் கூட்டும்.

5,000 பயணிகளுக்கு மேல் ஏறும் கப்பலில் இந்த மரபு நீர்த்துப்போவது இயல்பு. இன்று பல கப்பல்களில் தலைமைப் பொறியாளரோ ஹோட்டல் பொறுப்பு அதிகாரியோ அந்த இடத்தில் அமர்கிறார். கேப்டன் வரவேற்பு விருந்தில் வரிசையில் நின்று கைகுலுக்குவது நோரோவைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் பயத்தால் ஏற்கனவே குறைந்து, 2020க்குப் பிறகு பெரும்பாலும் நின்றேவிட்டது. "செஃப் டேபிள்" என்று விற்கிறார்களே, அது வேறு. சமையலறையைச் சுற்றிப் பார்த்து, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் கட்டண நிகழ்ச்சி. நன்றாகவே இருக்கும், ஆனால் கேப்டன் மேஜை ஆகாது.

கோட்டு, டை இல்லாம போனா உள்ள விடமாட்டாங்களா?

முன்பு ஏழு இரவுப் பயணத்தில் இரண்டு இரவு முறை உடை என்பது எழுதாத சட்டம். இன்று அநேக நிறுவனங்களில் அது ஆலோசனை மட்டுமே. செலிப்ரிட்டி 2015 இறுதியில் "முறை உடை இரவு" என்ற பெயரையே நீக்கி, சற்று நேர்த்தியாக வந்தால் போதும் என்று மாற்றியது. விமான நிறுவனங்கள் பெட்டி எடைக்குக் காசு வாங்கத் தொடங்கிய பிறகு, இரண்டு இரவுக்காக யாரும் டக்ஸீடோ எனும் கருப்பு விருந்துக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வரத் தயாராயில்லை.

கூனார்ட் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது, அது நல்லதே. மாலை 6 மணிக்கு மேல் நேர்த்தியான உடை. காலா எனப்படும் விருந்து இரவுகளில் ஆண்களுக்கு டக்ஸீடோ அல்லது அடர்நிறச் சூட்டும் டையும். கருப்பு வெள்ளை, முகமூடி என்று அந்த இரவுகளுக்குக் கருப்பொருள்களும் உண்டு. உடை மாற்ற விருப்பமில்லாதவர்களுக்கும் குவீன் மேரி 2 கப்பலில் கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப் போன்ற சில இடங்கள் திறந்தே இருக்கும். ஆகவே பசியோடு விரட்ட மாட்டார்கள், பெரிய கூடத்துக்குள் மட்டும் விட மாட்டார்கள். ஆண்களுக்கு ஒரே ஒரு அடர்நிறச் சூட், இரண்டு வெள்ளைச் சட்டை, இரண்டு டை இருந்தால் ஒரு வாரம் ஓட்டலாம்.

பேக்ட் அலாஸ்கா ஊர்வலம்னா என்ன? ஐஸ்கிரீமுக்கு நிஜமாவே தீ வைப்பாங்களா?

வைத்தார்கள். கடைசி முறை உடை விருந்து அன்று விளக்குகளை அணைத்துவிட்டு, எரியும் பேக்ட் அலாஸ்காவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வெயிட்டர்கள் வரிசையாக மேஜைகளைச் சுற்றி வருவார்கள். பயணிகள் நாப்கினைச் சுழற்றிக் கைதட்டுவார்கள். அதுவரை கண்ணில் படாத சமையல்காரர்களும் அன்று வெளியே வந்து நிற்பார்கள். அடிப்படையில் அது பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் நேரம்.

பண்டம் இப்படி: அடியில் ஸ்பாஞ்ச் கேக், மேலே கல்போல உறைந்த ஐஸ்கிரீம், சுற்றிலும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த மெரிங். மெரிங் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் கனம் வேண்டும். 230 டிகிரி செல்சியஸ் அடுப்பில் மூன்று முதல் ஐந்து நிமிடம், மேற்பரப்பு சிவந்தவுடன் வெளியே. மெரிங்கில் அடைபட்ட காற்றுக் குமிழ்களும் அடியிலுள்ள கேக்கும் சூட்டை உள்ளே போகவிடாமல் தடுப்பதால் ஐஸ்கிரீம் உருகுவதில்லை. கெட்டுப்போவது இரண்டு காரணத்தால்: மெரிங் கேக்கின் விளிம்பைத் தொடாமல் இடைவெளி விட்டிருந்தால் சூடு அங்கே நுழையும்; ஐஸ்கிரீம் ஏற்கனவே இளகியிருந்தால் எதுவும் காப்பாற்றாது. தீக்கு, முட்டை ஓட்டின் ஒரு பாதியை உச்சியில் பதித்து, வெதுவெதுப்பாக்கிய ரம்மை ஊற்றிப் பற்றவைப்பார்கள். ஊர்வலத்தில் வருவது பார்வைக்கு. உங்கள் தட்டுக்கு வரும் துண்டு சமையலறையில் முன்பே வெட்டித் தயாராக இருக்கும்.

கப்பலில் மிகவும் அஞ்சப்படுவது தீ. இருட்டாக்கிய கூடத்தில், நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவே, ஆடும் தரையில் எரியும் தட்டோடு நடப்பதைப் பாதுகாப்பு அதிகாரிகள் ஏற்கவில்லை. முதலில் தீ போய்ப் பேட்டரி விளக்கு வந்தது, பிறகு பல கப்பல்களில் ஊர்வலமே போனது. நெகிழ்வு நேர முறையும் இதற்குக் காரணம்: எல்லோரும் ஒரே நேரத்தில் இனிப்புக்கு வந்து சேராத கூடத்தில் ஊர்வலம் எப்போது கிளம்புவது? இனிப்பு மட்டும் சில நிறுவனங்களின் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

நள்ளிரவு பஃபே எங்க போச்சு?

பழைய பயணிகள் அதிகம் ஏங்குவது இதற்குத்தான். ஒரு பயணத்துக்கு ஓர் இரவு பெருவிருந்து. கதவு 11.30 வாக்கில் திறக்கும், முதல் அரை மணி புகைப்படம் எடுப்பதற்கு மட்டும், சாப்பாடு அதற்கு அப்புறம். பனிக்கட்டிச் சிற்பம், தர்பூசணியில் செதுக்கிய பூக்கள், ரொட்டியில் செய்த முதலை, வெண்ணெய்ச் சிலைகள். பனிச் சிற்பத்துக்கான கட்டி ஒன்று ஏறக்குறைய 136 கிலோ. உளியாலும் சங்கிலி ரம்பத்தாலும் குளிர் அறையில் செதுக்கி, கதவு திறப்பதற்குச் சற்று முன்புதான் வெளியே கொண்டுவருவார்கள். காய்கறி செதுக்குவதற்கென்றே சமையலறையில் தனி ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நிற்பதுதான் இதில் உண்மையான இழப்பு.

நின்றதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. ஒன்று சாப்பாட்டின் பாதுகாப்பு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. 100க்கு 86க்குக் கீழே வந்தால் தோல்வி. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் சூடான உணவு 57 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். அந்தச் சூடு குளிர் இல்லாமல் வெறும் நேரக் கணக்கில் வைத்தால், 4 மணி நேரத்தில் அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். அழகுக்காக அடுக்கிய மேஜையில் இந்த அளவுகளைக் காப்பது மிகவும் சிரமம்.

இன்னொன்று பணியாளர்களின் ஓய்வு. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும், வாரத்துக்கு 77 மணி. அந்தப் பத்து மணியை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். இரவு 2 மணி வரை பஃபேயில் நின்றவரைக் காலை 6 மணிக்குச் சிற்றுண்டிக்கு நிறுத்த முடியாது. இந்த விதியை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பயணிகளின் கொண்டாட்டம் ஒருவருடைய தூக்கத்தைப் பறித்து நடக்க வேண்டியதில்லை. இதோடு, இரவு முழுக்கப் பீட்சா கிடைக்கும்போது நள்ளிரவில் பசியோடு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

மிஞ்சின சாப்பாட்டைக் கடல்ல கொட்டுவாங்களா?

விதிக்கு உட்பட்டுக் கொட்டலாம். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகும் அளவுக்கு அரைத்த உணவுக் கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம், அரைக்காததை 12 மைலுக்கு அப்பால். மத்தியதரைக் கடல், பால்டிக், கரீபியன் போன்ற சிறப்புப் பகுதிகளில் அரைத்ததும் 12 மைலுக்கு அப்பால்தான். பிளாஸ்டிக் எங்கேயும் கூடாது. புறப்படும்போது காகித ரிப்பன்களைக் கரைக்கு வீசும் பழைய வழக்கம் மறைந்ததும் குப்பை கடலில் விழக்கூடாது என்பதால்தான்.

டெக்கில உட்கார்ந்திருந்தா பதினோரு மணிக்கு சூப் வருமாமே?

வட அட்லாண்டிக் கப்பல்களின் வழக்கம் அது. குளிர்க் காற்றில் நீள நாற்காலியில் கம்பளி போர்த்திப் படுத்திருப்பவர்களுக்கு டெக் ஸ்டூவர்ட் சூடான மாட்டிறைச்சிச் சாறு கொண்டுவருவார், கூடவே மொறுமொறு பிஸ்கட். நாற்காலியையும் கம்பளியையும் பயணம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பல்கள் வெயில் பிரதேசங்களுக்குத் திரும்பியதும் நாற்காலிகள் நீச்சல் குளத்தைச் சுற்றிப் போய்விட்டன. சூடான சாறுக்கு அங்கே வேலை இல்லை.

மாலை நேர டீ இன்னும் முறையா நடக்குதா?

முறையாகப் பார்க்க வேண்டுமானால் குவீன் மேரி 2இன் குவீன்ஸ் ரூம். மதியம் 3.30க்கு, வெள்ளைக் கையுறை அணிந்த வெயிட்டர்கள் வரிசையாக வருவார்கள், நேரடி இசை இருக்கும். முதலில் விரல் அளவுச் சாண்ட்விச், அடுத்து க்ரீமும் ஜாமும் வைத்த ஸ்கோன், கடைசியில் கேக். தட்டுகள் திரும்பத் திரும்பச் சுற்றி வரும் என்பதால் முதல் சுற்றிலேயே நிரப்பிக்கொள்ளாதீர்கள். கடல் நாட்களில் 15 நிமிடம் முன்னதாகப் போனால்தான் நடனத் தளத்துக்கு அருகே இடம் கிடைக்கும்.

மற்ற கப்பல்களில் "ஆஃப்டர்நூன் டீ" என்று எழுதியிருந்தாலும், அது கடல் நாட்களில் மட்டுமா, பஃபே மூலையில் டீப்பையும் வெந்நீரும் மட்டுமா, தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வகையும் உண்டு.

மேஜை பக்கத்துலயே வெயிட்டர் சமைச்சுக் கொடுப்பாராமே, அது ஏன் நின்னுது?

சீசர் சாலட் கலக்குவது, க்ரேப் சூசெட்டையும் (ஆரஞ்சுச் சாற்றில் தோய்த்த மெல்லிய இனிப்புத் தோசை) செர்ரிப் பழத்தையும் மதுவில் எரியவிடுவது, மீனை முள் நீக்கிப் பரிமாறுவது எல்லாம் முன்பு ஹெட் வெயிட்டரின் கடமைகள். அதோடு சில்வர் சர்வீஸ்: பெரிய தட்டிலிருந்து, ஒரே கையில் கரண்டியையும் முள்கரண்டியையும் இடுக்கிபோலப் பிடித்து, விருந்தினரின் இடப்பக்கமிருந்து எடுத்துவைப்பது. காய்கறி எவ்வளவு வேண்டும் என்று விருந்தினர் சொல்லலாம் என்பது இதன் நயம். இன்று எல்லாம் சமையலறையிலேயே தட்டில் வைத்து, மூடிபோட்டு, ஒரே பெரிய ட்ரேயில் அடுக்கி வருகிறது.

தீ பற்றி மேலே சொன்ன காரணம் இங்கும் பொருந்தும். சீசர் சாலட்டில் பச்சை முட்டைக்குப் பதிலாகப் பாஸ்சரைஸ் செய்த முட்டைதான் போட வேண்டியிருக்கிறது. ஆனால் பெரிய காரணம் நேரம். ஒரு க்ரேப் சூசெட்டுக்கு ஒருவர் பத்து நிமிடம் நின்றால், அவருடைய மற்ற மேஜைகள் காத்திருக்கும். கூனார்டின் கிரில் எனும் உயர்வகுப்பு உணவகங்களிலும், சில கட்டண உணவகங்களிலும் இன்னும் செய்கிறார்கள். முதல் நாளே ஹெட் வெயிட்டரிடம் விருப்பத்தைச் சொல்லிவைத்தால், பரபரப்பு இல்லாத ஓர் இரவில் செய்து தருவார்.

பாதி குடிச்ச ஒயின் பாட்டிலை என்ன பண்றது?

இந்த மரபு இன்னும் நன்றாகவே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மிச்சத்தை மூடி, அறை எண் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த இரவு எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் கொண்டுவருவார்கள். நெகிழ்வு நேரத்தில் வேறு கூடத்துக்குப் போனால் தேடி எடுக்க நேரமாகும், ஆகவே உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். சிவப்பு ஒயினை இரண்டு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம்.

கடைசி ராத்திரி கவர்ல டிப்ஸ் கொடுக்கற வழக்கம் போயிடுச்சா? தானா பிடிச்ச பிறகும் கொடுக்கணுமா?

முன்பு கடைசி நாள் அறையில் வெற்று உறைகள் வைத்திருப்பார்கள்: வெயிட்டர், உதவி வெயிட்டர், ஹெட் வெயிட்டர், கேபின் ஸ்டூவர்ட். அன்று இரவு கையில் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். சிலர் அந்த இரவு மட்டும் சாப்பிட வராமல் நழுவுவார்கள். தினம் வேறு வெயிட்டர் என்றானதும் உறையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது, தானியங்கிக் கட்டணம் பரவியது. இப்போது பெரிய அமெரிக்க நிறுவனங்களில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர். பானங்களுக்குத் தனியாக 18 முதல் 20 சதவீதம். பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019இல் தனிக் கட்டணத்தை நீக்கிப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டது. சீபோர்ன், சில்வர்சீ போன்ற உயர்வகைக் கப்பல்களிலும் தனியாகப் பிடிப்பதில்லை.

பிடிக்கும் தொகையை வரவேற்பு மேஜையில் சொல்லி எடுக்க முடியும் என்ற இடங்களில்கூட எடுக்காதீர்கள். துணி துவைப்பவர், தட்டுக் கழுவுபவர் என்று உங்கள் கண்ணில் படாதவர்களுக்கும் அதில் பங்கு போகிறது. "அதை எடுத்துவிட்டு நானே பணமாகக் கொடுக்கிறேன்" என்பதும் நல்ல யோசனை இல்லை. சில நிறுவனங்களில் அப்படி வாங்கிய பணத்தைப் பணியாளர் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டணத்தை அப்படியே விட்டுவிட்டு, மனம் நிறைந்தால் மேலே கையில் கொடுங்கள். கடைசி இரவு வரை காத்திருக்காமல், அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில், இரண்டு வார்த்தை நன்றி எழுதிக் கொடுங்கள்.

ரூமை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சுத்தம் பண்றாங்க. துண்டு யானை, தலையணை சாக்லேட் எல்லாம் எங்கே?

காலையும் மாலையும் அறை ஒழுங்கு செய்வது க்ரூஸின் அடையாளமாக இருந்தது. பல நிறுவனங்கள் ஒருமுறையாகக் குறைத்துவிட்டன. நார்வீஜியன் 2023இல் பெரும்பாலான அறைகளுக்கு இப்படி மாற்றியது. சூட்களில் இன்னும் இருமுறை உண்டு. மாலையில் போர்வையை மடித்து வைப்பதும் சாக்லேட்டும் அந்த இரண்டாம் வருகையோடு சேர்ந்தவை, அதனால் சேர்ந்தே போயின.

முதல் நாளே ஸ்டூவர்டிடம் காலையா மாலையா என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இருந்தால் மாலையைத் தேர்ந்தெடுங்கள், துண்டு பொம்மை வருவது பெரும்பாலும் அப்போதுதான். யானையை வீட்டிலேயே செய்யலாம்: குளியல் துண்டை இரு குறுகிய முனையிலிருந்தும் நடுவரை உருட்டி, பாதியாக மடித்து நிறுத்தினால் நான்கு கால். கைத்துண்டில் தும்பிக்கை உருட்டி, தலையாக மேலே வைக்க வேண்டும். ஈரத் துண்டு நிற்காது, மென்மையாக்கி போட்டுத் துவைத்த துண்டும் வழுக்கும்.

கூடுதல் காசு வாங்கற ரெஸ்டாரண்ட் எல்லாம் இப்ப வந்த பேராசைதானே?

இந்தக் குற்றச்சாட்டு முழு உண்மை இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் அமெரிகா கப்பல் 1905லேயே ரிட்ஸ் கார்ல்டன் பெயரில் தனிக் கட்டண உணவகம் வைத்திருந்தது. 1912இல் டைட்டானிக்கில் லூயிஜி காட்டி நடத்திய ஆ லா கார்ட் (பட்டியலில் பார்த்துத் தனித்தனியாக ஆர்டர் செய்யும்) உணவகமும் அப்படியே. பொதுக் கூடத்தில் சாப்பிடவே மாட்டேன் என்பவருக்கு டிக்கெட்டில் தள்ளுபடிகூடத் தந்தார்கள். 1936இல் குவீன் மேரியின் வெராண்டா கிரில்லுக்கும் தனிக் காசுதான்.

வேறுபாடு எங்கே என்றால், அன்று கட்டண உணவகம் பொதுக் கூடத்தின் தரத்தைக் குறைக்கவில்லை. 1935இன் நார்மண்டி கப்பலில் பொது முதல் வகுப்புக் கூடமே ஏறக்குறைய 93 மீட்டர் நீளம், ஒரே நேரத்தில் 700 பேர் சாப்பிடலாம். இன்று சில கப்பல்களில் பெரிய கூடத்திலேயே குறிப்பிட்ட மாட்டிறைச்சித் துண்டுக்கோ இரண்டாவது லாப்ஸ்டருக்கோ தனிப் பணம் கேட்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கடல் கொந்தளிச்சா பழைய காலத்துல எப்படிச் சாப்பிட்டாங்க?

மேஜை விளிம்பில் எழுப்பி நிறுத்தும் மரச் சட்டங்கள் இருந்தன, தட்டுகள் அதைத் தாண்டி விழாது. மேஜை விரிப்பைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவார்கள், கண்ணாடியும் தட்டும் வழுக்காது. இரண்டாவது உத்தி இன்றும் பயன்படுகிறது. 1955இல் குவீன் எலிசபெத் கப்பலுக்கும் 1958இல் குவீன் மேரி கப்பலுக்கும் பக்கத் துடுப்பு நிலைப்படுத்திகள் பொருத்திய பிறகு உருளல் மிகவும் குறைந்தது. இன்றும் ஆட்டம் இருந்தால் குழந்தைக்குச் சூப்பைக் கோப்பையில் பாதியளவு கேளுங்கள், கூடத்தின் நடுவில், கீழ்த் தளத்தில் மேஜை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

இதெல்லாம் ஒண்ணா அனுபவிக்கணும்னா எந்தப் பயணம் எடுக்கணும்?

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குவீன் மேரி 2இல் ஏழு இரவு. நடுவே துறைமுகம் இல்லை, ஆகவே பந்தி நேரம் தவறாது, உடை மாற்றவும் டீ குடிக்கவும் நேரம் இருக்கும். அதன் பெரிய உணவுக்கூடமான பிரிட்டானியாவில் இரண்டு பந்தி. கிரில் வகுப்பில் மேஜை மட்டும் உங்களுடையது, நேரம் உங்கள் விருப்பம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டிஸ்னி 1998 முதல் நடத்தும் முறை பொருந்தும்: கூடம் தினமும் மாறும், வெயிட்டர்கள் உங்களோடு கூடவே வருவார்கள். முதல் பதிலில் சொன்ன பலனில் பெரும்பகுதி அதில் கிடைத்துவிடும்.

நல்லா கவனிச்ச வெயிட்டருக்கு டிப்ஸ் தவிர வேற என்ன செய்யலாம்?

இறங்கிய பிறகு வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரை எழுதுங்கள். கப்பலில் இருக்கும்போதே அவர் அணிந்திருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள், மேஜை எண்ணையும் சேர்த்து. ஒரே பெயரில் கப்பலில் பத்துப் பேர் இருப்பார்கள். "சேவை நன்று" என்று பொதுவாக எழுதாதீர்கள். "மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை, ஒவ்வொரு இரவும் மறுநாள் பட்டியலைக் கொண்டுவந்து சரிபார்த்தார்" என்பதுபோல ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள். பதவி உயர்வும் அடுத்த ஒப்பந்தமும் பேசப்படும்போது மேலதிகாரி எடுத்துப் பார்ப்பது அந்த மாதிரி வரிகளைத்தான். முடிந்தால் கப்பலிலேயே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, அவர் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள்.